அரசுப் பல் மருத்துவமும் தனியார் பல் மருத்துவமும்

தமிழ்நாட்டில் பல் நோய்க்குச் சிகிச்சை பெற முதன்மையாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை அரசு நடத்தும் பல் மருத்துவப் பிரிவுகள். மற்றொன்று, கடைத்தெருக்களில் மாடிப்படிக்கு மேல் பெயர்ப்பலகை தொங்கும் தனியார் பல் மருத்துவமனைகள். இரண்டின் தன்மையும் கலந்த பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் இடையில் உள்ளன. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அரசு மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பங்கள்கூடப் பல் வலி என்றால் தனியாரிடம் செல்கின்றன. கையில் பணம் இல்லையென்றால் எங்கும் செல்லாமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்கின்றன.

அரசா, தனியாரா என்ற கேள்வியைப் பலரும் பணத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே பல்லின் நோய்நிலை பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. சொத்தையின் தொடக்கத்திலும், பல்லை எடுத்தே தீர வேண்டிய கடைசிக் கட்டத்திலும் அரசு மருத்துவமனை போதுமானது. இவ்விரண்டுக்கும் நடுவில், பல்லைக் காப்பாற்ற முடியும், ஆனால் அதற்குப் பல நாள் வேலை பிடிக்கும் என்ற கட்டம் ஒன்று உண்டு. தேர்வு கடினமாவது அங்கேதான். பணமில்லாதவர்கள் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களை இழப்பதும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

ஒரு கடைவாய்ப்பல் கெடும் விதம்

பல்லின் வெளி உறையான எனாமலில் நரம்பு கிடையாது. ஆகவே சொத்தை எனாமலில் இருக்கும்வரை வலி இருக்காது. ஒரு கரும்புள்ளியோ சிறு பள்ளமோ மட்டும் தெரியும். இந்த நிலையில் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்துவிட்டால் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். பல் மருத்துவர் இருக்கும் எந்த அரசு மருத்துவமனையிலும் இதைச் செய்துகொள்ளலாம்.

சொத்தை அடுத்த அடுக்கான டென்டினை எட்டும்போது குளிர்ந்த நீரும் இனிப்பும் பட்டால் பல் கூசும். இப்போதும் அடைத்தால் போதும். பெரும்பாலோர் இந்தக் கூச்சத்தைப் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பக்கம் மெல்லாமல் மறுபக்கம் மென்று நாளைக் கடத்துகிறார்கள். சொத்தை உள்ளே இருக்கும் பல்கூழை அடைந்ததும் நிலைமை மாறுகிறது. எதுவும் படாமலே வலிக்கும், இரவில் படுத்தால் வலி கூடும், காது வரை இழுக்கும். இதன் பிறகு அடைப்பது பயன் தராது. பல்கூழை எடுத்து வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து நிரப்பும் வேர் சிகிச்சை வேண்டும். இல்லையென்றால் பல்லையே எடுக்க வேண்டும்.

நோயாளிகளைப் பெரிதும் ஏமாற்றும் கட்டம் இதற்கு அடுத்து வருகிறது. சில நாட்களில் பல்கூழ் செத்துவிடும், வலி தானாக நின்றுவிடும். கிராம்பு எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் கிடைத்த பெயர் பாதி இதனால் வந்ததுதான். வலி நின்ற பல்லின் வேர் நுனியில் கிருமிகள் பெருகிக்கொண்டே இருக்கும். மாதங்கள் கழித்து, சில சமயம் வருடங்கள் கழித்து, ஈறில் சீழ்க்கொப்புளமாகவோ முக வீக்கமாகவோ அது வெளிப்படும். அதற்குள் பல்லின் மேற்பகுதி உடைந்து வேர் மட்டும் மிஞ்சியிருந்தால், எந்த மருத்துவமனையிலும் பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் செய்வார்கள்.

அரசு மருத்துவமனைக்குப் போனால் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் ஓரளவு உண்மை இருந்தாலும், மருத்துவரின் மனப்போக்கு அதற்கு முழுக் காரணம் அல்ல. பல்லைக் காப்பாற்ற முடியாத நிலையில்தான் பலர் அங்கே போய்ச் சேர்கிறார்கள். காப்பாற்றும் நிலையில் வருபவர்களுக்கோ, வேர் சிகிச்சைக்குத் தேவையான நேரமும் கருவிகளும் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை.

அரசு அமைப்பில் எங்கே என்ன கிடைக்கும்

வட்டார அளவிலான ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் பல் மருத்துவர் இருக்கிறார். சொத்தை அடைத்தல், பல் எடுத்தல், பற்காரை நீக்குதல், ஈறு நோய்க்கு மருந்து ஆகியவை அங்கே கிடைக்கும். வட்ட மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் எக்ஸ்ரே வசதி கூடுதலாக இருக்கும். சில இடங்களில் வேர் சிகிச்சையும் செய்கிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பல் பிரிவுகள் தாடை எலும்பு முறிவு, முளைக்க இடமில்லாமல் புதைந்த ஞானப்பல், வாய்க்கட்டி போன்றவற்றைக் கவனிக்கின்றன.

இவற்றுக்கு மேல், தமிழ்நாடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ளது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிப் பின்னர் தனிக் கல்லூரியாக வளர்ந்தது அது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி பின்னர் அரசு சுகாதாரத் துறையின் கீழ் வந்து கடலூர் மாவட்ட அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஆனது. புதுக்கோட்டையில் 2023இல் மற்றொரு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பொது மருத்துவத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுக் கல்லூரி இருக்கும் மாநிலத்தில், பல் மருத்துவத்தில் அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மதுரைக்குத் தெற்கே உள்ளவர்களுக்கு இது நீண்ட பயணம்.

அரசு மருத்துவமனைகளில் குறைவாக இருப்பது பற்களைச் செய்து தரும் ஆய்வுக்கூடம். பல் உறை, பாலம், பல் செட்டு ஆகியவற்றை மருத்துவர் தம் அறையில் செய்வதில்லை. வாயின் அச்சை எடுத்து அனுப்ப, அதை வைத்துத் தொழில்நுட்பர் ஆய்வுக்கூடத்தில் செய்து தருகிறார். இந்த வசதி பல் மருத்துவக் கல்லூரிகளில் உண்டு. வட்ட மருத்துவமனையில் அதை எதிர்பார்க்க முடியாது. வேர் சிகிச்சை கிடைத்தாலும் அதன்மேல் போட வேண்டிய உறைக்கு வெளியே செல்ல நேர்வது இதனால்தான்.

எங்கே அரசு மருத்துவமனை தனியாரைவிடத் தெளிவாக மேலானது என்றால், உடலில் வேறு நோய்கள் உள்ளவர்களின் விஷயத்தில். இதய நோய்க்கு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர், சிறுநீரகம் பழுதடைந்தவர், கட்டுப்படாத சர்க்கரை நோயாளி, வலிப்பு உள்ளவர் ஆகியோருக்குப் பல் எடுப்பது சிறு வேலை அல்ல. பல் பிரிவுக்கு அடுத்த கட்டடத்திலேயே பொது மருத்துவர், இரத்தப் பரிசோதனைக் கூடம், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் இருக்கும் மாவட்டத் தலைமை மருத்துவமனையே இவர்களுக்குப் பொருத்தமான இடம். ஒரே நாற்காலியுடன் இயங்கும் மாடி அறைக்கு அந்த வசதி வராது.

பள்ளிப் பிள்ளைகளும் ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லும்

பிள்ளைகளுக்கு ஆறு வயதளவில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பால் பல்லும் விழாமல் இது வருவதால் பெற்றோர் இதையும் பால் பல் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். "விழப்போகும் பல்தானே" என்று விடப்பட்ட இந்தப் பல் பத்து வயதுக்குள் குழிந்துபோய்விடுவது வழக்கமாகக் காணும் ஒன்று. இது வாழ்நாள் முழுவதற்குமான பல். ஒருமுறை போனால் திரும்ப முளைக்காது.

2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நல்வாழ்வுத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. பரிசோதிக்கும் நோய்களில் பல் நோயும் ஒன்று. பிறவியிலேயே வரும் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் அப்பட்டியலில் உள்ளன. குழுவினர் எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டுடன் அரசு மருத்துவமனைக்குச் சென்றால் அடைப்பதோ, சொத்தை பிடிக்கும் முன்பே பல்லின் மேற்பரப்புப் பள்ளங்களை மெழுகிவிடுவதோ செலவின்றி முடியும். பள்ளியில் கொடுத்த சீட்டு புத்தகப்பையிலேயே கிடந்து கசங்குவதுதான் இத்திட்டத்தின் பலவீனமான கண்ணி. ஏழு வயதில் அடைத்திருந்தால் செலவின்றி முடிந்திருக்கக்கூடிய பல்லுக்கு இருபது வயதில் வேர் சிகிச்சையும் உறையும் தேவைப்பட்டால் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் உள்ள மிகையான ஃபுளோரைடால் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவது நெடுங்காலச் சிக்கல். முளைத்துவிட்ட பல்லின் கறையை மறைக்கத் தனியார் மருத்துவமனைகளில் பணம் செலவழிக்கிறார்கள். கறை வராமல் தடுப்பது குடிநீர்தான். 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்த வகையில் ஒரு பல் மருத்துவத் திட்டமும் ஆகும். எந்தத் தனியார் மருத்துவமனையும் இதைச் செய்ய முடியாது.

இலவசத்துக்கும் விலை உண்டு

அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையில்தான் இயங்குகிறது. ஓ.பி. சீட்டு வாங்க ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, எக்ஸ்ரேவுக்கு ஒன்று, மருந்து வாங்க ஒன்று என்று முற்பகல் கழிந்துவிடும். மாதச் சம்பளக்காரருக்கு இது அரைநாள் விடுப்பு. விசைத்தறியிலோ கட்டட வேலையிலோ இருப்பவருக்கு ஒரு நாள் கூலி. மூன்று முறை வரச் சொன்னால் மூன்று நாள் கூலி. துணைக்கு ஒருவர் வந்தால் அது இரட்டிப்பாகும். பேருந்துச் செலவும் சேரும்.

தனியார் பல் மருத்துவமனைகளின் உண்மையான கவர்ச்சி குளிரூட்டிய அறை அல்ல, மாலை நேரம்தான். வேலை முடிந்து குளித்துவிட்டு ஏழு மணிக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை காலையும் திறந்திருக்கும். கூலியைக் கணக்கில் சேர்த்தால், ஒரே நாளில் முடியும் ஒரு சாதாரண அடைப்புக்குத் தனியார் கட்டணமும் அரசு மருத்துவமனையின் "இலவசமும்" சிலருக்கு ஏறத்தாழச் சமமாகிவிடும். ஆனால் வேர் சிகிச்சை, உறை, பல் செட்டு என்று வரும்போது இந்தக் கணக்கு தலைகீழாகும். அப்போது சில நாள் கூலியை இழந்தாலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குச் செல்வது பெரும் தொகையை மிச்சப்படுத்தும். வேலைக்கேற்ப இந்தக் கணக்கைத் தனித்தனியே போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அரசு என்றோ எல்லாவற்றுக்கும் தனியார் என்றோ இருப்பவர்கள் ஏதாவது ஒரு பக்கம் நட்டப்படுகிறார்கள்.

தனியார் கட்டணம் எதனால் கூடுகிறது

பல் மருத்துவர் நோயாளியைப் பார்த்து மருந்துச் சீட்டு எழுதி அனுப்பிவிட முடியாது. ஏறத்தாழ ஒவ்வொரு வருகையும் ஒரு சிறு அறுவை சிகிச்சை. நாற்காலி, காற்றழுத்தி, எக்ஸ்ரே கருவி, கிருமிநீக்கி ஆகிய அனைத்தையும் ஒரு மருத்துவர் சொந்தப் பணத்திலோ கடனிலோ வாங்கியிருப்பார். கடைவாய்ப்பல்லின் வேர் சிகிச்சைக்கு மூன்று அல்லது நான்கு வேர்க்குழாய்களைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஒரே நோயாளியுடன் போய்விடும். கட்டணத்தின் பெரும்பகுதி இந்த நேரத்துக்கும் கருவிகளுக்கும் ஆனது.

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லின் மேற்புறம் குடையப்பட்டு மெலிந்திருப்பதால், கடினமானதைக் கடிக்கும்போது பிளந்துபோக வாய்ப்புண்டு. ஆகவே அதன்மேல் உறை போடச் சொல்வார்கள். பல நோயாளிகள் மனக்கசப்புடன் வெளியே வருவது இந்த இடத்தில்தான். முதலில் சொன்ன தொகை வேர் சிகிச்சைக்கு மட்டும் என்பதும், உறைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதும் பாதி வேலை முடிந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியவருகிறது. உலோகம், உலோகத்தின்மேல் பீங்கான், சிர்கோனியா என்று உறையின் வகைக்கேற்ப விலை ஏறும். சிரிக்கும்போது வெளியே தெரியாத கடைசிக் கடைவாய்ப்பல்லுக்கு உலோக உறையே நன்றாக உழைக்கும். விலையுயர்ந்தது வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. அப்படிச் சொல்லத் தயங்குவது நம் ஊர்ப் பழக்கம். மருத்துவர் முன்னால் விலை பேசுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

வேலையைத் தொடங்கும் முன்பு முழுச் செலவையும், உறை உட்பட, எழுத்தில் கேட்டு வாங்கலாம். எத்தனை முறை வர வேண்டும், எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது, இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும், மலிவான மாற்று உண்டா என்று கேட்கலாம். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்கு எரிச்சலடைவதில்லை. பல் எதுவும் வலிக்காமல் சுத்தம் செய்யச் சென்றவரிடம் நான்கு பற்களுக்கு வேர் சிகிச்சை வேண்டும் என்று சொன்னால், எக்ஸ்ரே படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மற்றொருவரின் கருத்தைக் கேட்பது நியாயம். அந்த இரண்டாவது கருத்துக்கு அரசு மருத்துவமனையைப் போல் பொருத்தமான இடம் இல்லை. நான்கு பற்களில் வேலை செய்தாலும் ஒன்றில் செய்தாலும் அங்கிருக்கும் மருத்துவரின் சம்பளம் மாறப்போவதில்லை. தனியாரிடமே சிகிச்சை பெறப்போகிறவர்களும் அரசு மருத்துவமனையை இப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பல் மருத்துவக் கல்லூரிகள்

மாநிலத்தின் பல் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். அவற்றின் மருத்துவமனைகளில் வாங்கும் கட்டணம் கடைத்தெரு மருத்துவமனைகளைவிடப் பொதுவாகக் குறைவு. சில சேவைகள் இலவசம். காரணம் தருமம் மட்டும் அல்ல. பி.டி.எஸ். மாணவர் ஒவ்வொரு பாடத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்துகாட்டினால்தான் தேர்வுக்குச் செல்ல முடியும். முதுநிலை மாணவர்களுக்கும் அப்படியே. ஆகவே கல்லூரிக்கு நோயாளி தேவை. கிராமங்களில் இலவச முகாம் நடத்தி, மேற்சிகிச்சைக்குக் கல்லூரிப் பேருந்திலேயே அழைத்துச் சென்று திருப்பிக் கொண்டுவந்து விடுவதும் இதனால் நடக்கிறது.

மாணவர் கையில் வாயைக் கொடுப்பதா என்ற அச்சம் இயல்பானது. ஆனால் மாணவர் ஒவ்வொரு படியையும் பேராசிரியரிடம் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகே அடுத்த படிக்குச் செல்கிறார். கடைத்தெரு மருத்துவமனையில் அப்படி மேற்பார்வையிட யாரும் கிடையாது. இதற்கு விலை நேரம்தான்; வெளியே அரை மணியில் முடியும் அடைப்பு இங்கே இரண்டு மணி நேரம் எடுக்கும், முழுப் பல் செட்டுக்கு ஐந்தாறு முறை வர வேண்டியிருக்கும். ஓய்வுபெற்ற முதியோருக்கு இது ஒத்துவரும். பல் செட்டு தேவைப்படுபவர்களில் பெரும்பாலோரும் அவர்கள்தாம். சிக்கலான வேர் சிகிச்சையோ ஈறு அறுவையோ என்றால் முதுநிலைப் பிரிவு எதுவென்று கேட்டு அங்கே செல்வது நல்லது. அங்கு வேலை செய்பவர்கள் ஏற்கெனவே பட்டம் பெற்ற பல் மருத்துவர்கள்.

காப்பீடு எந்த அளவுக்கு உதவும்

தனியார் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானவை. பல் சிகிச்சையோ ஏறத்தாழ முழுவதும் புறநோயாளிச் சிகிச்சை. ஆகவே அடைப்பு, வேர் சிகிச்சை, உறை போன்றவற்றுக்குப் பெரும்பாலான காப்பீடுகளில் பணம் கிடைக்காது. விபத்தில் பல்லோ தாடையோ உடைந்தால் மட்டும் விதிவிலக்கு இருக்கும். சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. இது அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும்.

மறந்துபோகும் ஒரு வழி இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்களிடம் 0.75 விழுக்காடு பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 விழுக்காடு கட்டுகிறார். திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளியும் திருப்பெரும்புதூர் ஆலைத் தொழிலாளியும் மாதாமாதம் இப்பணத்தைக் கட்டிவிட்டுப் பல் வலிக்குத் தனியாரிடம் கடன் வாங்கிச் செலவழிக்கிறார்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. குடும்பத்தாருக்கும் அந்த அட்டை செல்லும்.

கருவிகளின் தூய்மை

பல் மருத்துவக் கருவிகளில் இரத்தமும் உமிழ்நீரும் படுகின்றன. மஞ்சள் காமாலை பி, சி கிருமிகள் இவ்வழியே பரவக்கூடும். கருவிகளைக் கொதிநீரில் போட்டெடுப்பதும் மருந்துநீரில் ஊறவைப்பதும் போதாது. ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலத்தில் 121 பாகை செல்சியஸ் நீராவியில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். உறையிட்டு ஒட்டிய கருவிப் பொட்டலத்தை நோயாளியின் எதிரிலேயே பிரிப்பது நல்ல அடையாளம்.

இது வெறும் முன்னெச்சரிக்கைப் பேச்சு அல்ல. 2023இல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களுள் எட்டுப் பேர், மீலியோய்டோசிஸ் என்னும் நோய்த்தொற்று மூளையைத் தாக்கியதால் இறந்தனர். 2025இல் வெளியான ஆய்வு, முறையாகக் கையாளப்படாமல் திறந்து மீண்டும் பயன்படுத்தப்பட்ட சலைன் பாட்டிலைத் தொற்றின் வழியாகச் சுட்டியது. விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கே பழுதாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாய் கழுவப் பயன்படும் சாதாரண உப்புநீர்தான் அது. கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனையிலும் இதே கவனக்குறைவு நேரலாம். எங்கு சென்றாலும் கையுறை மாற்றப்படுகிறதா, ஊசி புதிதா என்று பார்ப்பதும் கேட்பதும் நோயாளியின் உரிமை.

தேர்வுக்கு இடமில்லாத நிலைகள்

பல் வலியுடன் முகவீக்கம் கண் பக்கமோ கழுத்துப் பக்கமோ இறங்கினால், வாய் திறக்க முடியாமல் போனால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், காய்ச்சலும் சேர்ந்தால், மாலை வரை காத்திருந்து தெருமுனைப் பல் மருத்துவமனைக்குச் செல்லக்கூடாது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சுக்குழாயை நெரித்து உயிரைப் பறிக்கக்கூடும். 108ஐ அழைத்து, அறுவை அரங்கும் மயக்க மருத்துவரும் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அல்லது பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பாதி வாங்கி விழுங்கி வலியை அடக்கியவர்கள் இந்த நிலையை எட்டுவது உண்டு.

வாயில் இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு ஆகியவை மற்றொரு நிலை. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களும், புகையிலைப் பொட்டலத்தைக் கன்னத்தில் அடக்குபவர்களும் இதைச் சாதாரண வாய்ப்புண் என்று விட்டுவிடக்கூடாது. கண்டறியும் சோதனையும் பின்னர் தேவைப்படும் சிகிச்சையும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் கிடைக்கும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. ஒரு பல் கூர்மையாக உடைந்து கன்னத்தை உரசிப் புண்ணாக்குகிறதென்றால், அந்தப் பல்லைத் தேய்த்துவிட எந்த ஆரம்ப சுகாதார நிலையப் பல் மருத்துவரும் போதும். தேய்த்த பின்னும் புண் ஆறாவிட்டால் மேலே செல்ல வேண்டும்.

பதிவும் சட்டமும்

1948இல் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தபோது நாட்டில் பட்டம் பெற்ற பல் மருத்துவர்கள் மிகச் சிலரே. தலைமுறையாகப் பல் கட்டித் தந்தவர்களை ஒரேயடியாக விலக்க முடியாது என்பதால், பட்டம் பெற்றோருக்கு 'ஏ' பகுதி, பட்டமின்றி அனுபவத்தால் தொழில் செய்துவந்தோருக்கு 'பி' பகுதி என்று பதிவேடு பிரிக்கப்பட்டது. நகரங்களில் தொழில் நடத்திய சீனப் பல் மருத்துவக் குடும்பங்களைப் பெரியவர்கள் சிலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று பி.டி.எஸ். பட்டமும் மாநிலப் பல் மருத்துவக் குழுவின் பதிவும் இல்லாமல் பல் மருத்துவம் செய்வது குற்றம். பதிவு எண்ணைப் பெயர்ப்பலகையிலோ மருந்துச் சீட்டிலோ காணலாம். சந்தையில் துணி விரித்துப் பல் செட்டு விற்பவரிடம் அது இருக்காது. 1948 சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது.

சிகிச்சையில் தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதில் இரு துறைகளுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனை அதற்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனை என்றால், இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே. ஆகவே தனியார் மருத்துவமனையில் பாதிக்கப்பட்டவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் செல்லலாம். முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனையில் பாதிக்கப்பட்டவர் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கும் துறை மேலதிகாரிகளுக்கும் எழுத வேண்டும், அல்லது உரிமையியல் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ செல்ல வேண்டும். எங்கே சென்றாலும் கேட்கப்படுவது காகிதம். ரசீது தராமல் தொகையைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டவரிடம் அது இருக்காது. ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டு, உறைக்குத் தரப்படும் உத்தரவாத அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வைத்தால், அடுத்த முறை வேறொரு மருத்துவரிடம் செல்லும்போதும் எந்தப் பல்லில் என்ன செய்யப்பட்டது என்று அவர் தேட வேண்டியிருக்காது.